இருபத்தொன்பதுக்குப் பிறகு ஒரு வெற்றுக் கட்டம்

மசூரைப் பத்து நிமிடம் ஒரே கதிரையில் இருத்தி வைத்தவர் கல்முனையில் யாருமில்லை. கொம்பியூட்டருக்கு முன்னாலும் அவன் அரைக் கதிரையில்தான் இருப்பான். ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். எழுதிய புரோகிராம் ஓடவில்லையென்றால் எழுந்து என் கடை வாசல்வரை போவான், வீதியில் போகிற பஸ்ஸை முறைத்துப் பார்ப்பான், திரும்பி வந்து இரண்டு எழுத்தை அழிப்பான், மறுபடியும் எழும்புவான். எனக்கோ மூக்குக்கு மேலே கோபம். "டேய், ஒண்டில் இரு, இல்லாட்டிப் போ. என்ட தல சுத்துது" என்று கத்துவேன். "ஓம் காக்கா" என்பான், காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். இருக்க மாட்டான்.

என் பெயர் றஸாக். தொண்ணூற்றேழிலிருந்து பிரதான வீதியில் தொலைபேசிக் கடை வைத்திருந்தேன். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற புருசன்மாரோடும் பிள்ளைகளோடும் கதைக்க ஊரில் பாதி என்னிடம்தான் வரும். கடையின் பின்பக்கத்தில் ஒரு கொம்பியூட்டரும் மொடெமும் வைத்திருந்தேன். கொழும்புக்கு லைன் பிடித்து ஈமெயில் அனுப்பலாம். லைன் பிடிப்பது லேசுப்பட்ட வேலையில்லை. மொடெம் கத்தும், பாதியில் விக்கும், அறுந்து போகும். மாரியில் பத்துத் தடவை முயன்றால் ஒரு தடவை பிடிக்கும். முகவரி ஒன்றே ஒன்று, அது என் பெயரில் இருந்தது. யார் அனுப்பினாலும் அந்த ஒரு முகவரியிலிருந்துதான் போகும், அதற்குத்தான் பதில் வரும்.

மசூர் காலையில் ஒரு தனியார் வகுப்பில் பிள்ளைகளுக்கு டைப் அடிக்கவும் கொம்பியூட்டர் திறக்கவும் மூடவும் படிப்பித்தான். மிச்ச நேரமெல்லாம் வீட்டில் தன் சொந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுவான். அது நாலு உடைந்த பெட்டிகளைச் சேர்த்துக் கட்டிய பெட்டி. மூடி கிடையாது, சூடாகாமலிருக்க மேசைக் காற்றாடியை உள்ளே பார்த்தபடி திருப்பி வைத்திருந்தான். கரண்ட் போனால் ஒரு மணி நேர வேலை போகும், வோல்ட் குறைந்தால் திரை சுருங்கும். முடிந்ததை டிஸ்க்கில் ஏற்றி, சோற்றுப் பொதி கட்டுகிற லஞ்ச் ஷீட்டில் சுற்றி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் என்னிடம் வருவான். ஒருநாள் சோதனைச் சாவடியில் அது என்னவென்று கேட்டிருக்கிறார்கள். இவன் பத்து நிமிடம் விளக்கியிருக்கிறான். கேட்டவர் களைத்துப்போய்ப் போகச் சொல்லிவிட்டாராம்.

அவன் என்ன எழுதினான் என்று கேட்டால், எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். கொம்பியூட்டரைத் திறந்ததும் தெரிகிற திரை, அதிலுள்ள சின்னச் சின்னப் படங்கள், மணிக்கூடு, கடிதம் எழுதும் பலகை, இவையெல்லாவற்றையும் யாரும் சும்மா எடுத்துப் பாவிக்கலாம் என்று பல நாட்டுக்காரர் சேர்ந்து இலவசமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் கண்டதில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் திறந்தே வைப்பார்கள். பிழை கண்டால் யாரும் திருத்தி அனுப்பலாம். அனுப்பியதைச் சேர்ப்பதா விடுவதா என்று தீர்மானிப்பவர் ஜேர்மனியில் இருந்த உல்ரிக் என்ற ஒருவர். தோஹாவில் வேலை செய்த சித்தப்பா மகன் கொண்டுவந்து கொடுத்த ஒரு சீடியோடு மசூருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

"சும்மா குடுக்கிறதுக்கு ஏன் மனெ இவ்வளவு அவதி?" என்று அவனுடைய தாய் சல்மா உம்மா கேட்பார். அவன் சிரிப்பான். அந்த அவதிக்குக் காரணம் எனக்குத் தெரியும். அந்தத் திரையில் ஒரு மூலையிலாவது தன் கையால் செய்த ஒரு பொருள் இருக்க வேண்டும், அதைத் திறந்தால் கீழே தன் பெயர் இருக்க வேண்டும். ஒன்றரை வருடம் அதற்காகத்தான் அலைந்தான். அவன் எழுதிய பொருள் ஒரு கலண்டர். ஆங்கில மாதமும் எங்கள் பிறை மாதமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

இங்கேதான் பிரச்சினை. எங்கள் மாதம் இருபத்தொன்பது நாளா முப்பது நாளா என்பது இருபத்தொன்பதாம் நாள் பொழுது படும்வரை யாருக்கும் தெரியாது. பிறை கண்டால் மாதம் முடிந்தது. காணாவிட்டால் முப்பதைப் பூர்த்தியாக்க வேண்டும். கடற்கரை ஊரென்றாலும் பிறை பார்க்க நாங்கள் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்போம். கடல் கிழக்கே, பிறை மேற்கே. வயல்வெளிக்கு அப்பால் சொறிக்கல்முனைப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம். நாட்டில் எங்கே கண்டாலும் கொழும்புக்குத் தகவல் போகும், அங்கிருந்து வானொலியில் சொல்வார்கள்.

அதனால் மசூர் தன் கலண்டரில் இருபத்தொன்பதுக்குப் பக்கத்துக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தான். அதற்குப் பிறகு வரும் நாட்களும் வெறுமைதான். மாலையில் செய்தி வந்ததும், கண்டது அல்லது காணவில்லை என்று ஆள் அழுத்த வேண்டும். அழுத்தினால் அடுத்த மாதம் முழுக்க நிரம்பும், மறு இருபத்தொன்பது வரைக்கும்.

உல்ரிக்குக்கு அது பிடிக்கவில்லை. நாளைய திகதி தெரியாத கலண்டர் அரைகுறைக் கலண்டர் என்று எழுதினார். சந்திரன் போகிற பாதைக்குக் கணக்கு இருக்கிறது, அதைப் போட்டு அனுப்பு, சேர்க்கிறேன் என்றார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். எனக்கு அவர் சொன்னது நியாயமாகவே பட்டது.

"சந்திரன் எங்க நிக்கிதெண்டு கணக்குச் சொல்லும் காக்கா" என்றான் மசூர், நடந்துகொண்டே. "நாம கண்டமா இல்லயா எண்டு கணக்குச் சொல்லுமா?"

"அந்தாளுக்கு அது வேணுமாடா? கணக்கப் போட்டுக் குடுத்திட்டுப் போவன்."

"தெரியாதத எப்பிடித் தெரியுமெண்டு போடுற?"

மூன்று மாதம் இப்படியே போனது. பிறகு உல்ரிக் கடைசித் தவணையைச் சொன்னார். புதிய பதிப்பு வெளிவருகிறது, ஜனவரியில் இன்ன திகதியோடு கதவு மூடுகிறது. அந்தத் திகதி தற்செயலாக நோன்பு இருபத்தொன்பதில் வந்து விழுந்தது. மசூருக்குப் பயம் பிடித்துவிட்டது. ஒன்றரை வருடம் வீணாகப் போகுமே என்று கடைசியில் இறங்கி வந்தான். ஒரு வாரம் கண் சிவக்க இருந்து கணக்கு வைத்த கலண்டர் ஒன்றையும் எழுதினான். ஓடுகிறதா என்று பார்க்க அதை என் கடைக் கொம்பியூட்டரில் போட்டான். உல்ரிக்குக்குக் கடிதமும் எழுதி, கலண்டரையும் அதோடு சேர்த்து, லைன் பிடித்தால் அனுப்பத் தயாராக அதிலேயே வைத்தான். முகத்தில் சந்தோசம் இல்லை. "அனுப்பிருவம்" என்று மட்டும் சொன்னான்.

இருபத்தொன்பதாம் நோன்பன்று காலையில் இறைச்சிக்கடை சீனிமுகம்மது மகனோடு ஃபோனில் கதைக்க வந்தார். மசூர் அப்போது கடையில் இல்லை. பெருநாளுக்கு முந்திய இரவு வானொலியில் சொன்ன பிறகுதான் ஊரில் மாடு அறுப்பார்கள். சொல்லிய மறுநிமிடம் எல்லா இறைச்சிக்கடையிலும் தள்ளுமுள்ளு. அந்த நினைப்பில்தான் மனிதர் கேட்டார்.

"என்ன றஸாக், நாளைக்குப் பெருநாள் வருமா?"

எனக்கு அடக்கமாட்டாத பெருமை. திரையை அவர் பக்கம் திருப்பினேன். நாளைய கட்டத்தில் சிவப்பில் நோன்புப் பெருநாள் என்று இருந்தது. "இந்தா, பாருங்க. ஜேர்மன்காரன் கேட்டுச் செஞ்ச கணக்கு. இது பொய் சொல்லாது."

சொன்னது அவ்வளவுதான். நான் மறந்தும் போனேன். மனிதர் மறக்கவில்லை. மற்றக் கடைக்காரர்களை முந்திக்கொள்ள பின்னேரம் அஸர் தொழுத கையோடு இரண்டு மாட்டை அறுத்துத் தொங்கவிட்டிருக்கிறார்.

பகல் முழுக்க மழை மூட்டம். லைன் ஒரு தடவையும் பிடிக்கவில்லை. பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகு வயல் கரையில் ஊரே நின்று அண்ணாந்து பார்த்தது. மேகம் ஒரு விரற்கடை விலகவில்லை. மற்ற ஊர்களிலும் அப்படித்தானாம். பிறை எங்கும் தென்படவில்லை, நோன்பை முப்பதாகப் பூர்த்தியாக்குங்கள் என்று வானொலியில் சொன்னார்கள். சொல்லிப் பத்து நிமிடம் ஆகவில்லை, சீனிமுகம்மது என் கடைக்குள் வந்து நின்றார். உடுத்திருந்த சாறனில் இரத்தம், தலையில் மழை. அந்த நேரம் மசூரும் லைனுக்காகக் காத்து நின்றான்.

"எங்க ஒங்கட பெட்டி? ரெண்டு மாடு தொங்குது றஸாக்! நாளைக்கு நோன்பு. நாளண்டைக்கு நாறின இறைச்சிய ஆர் வாங்குற? மத்தக் கடக்காரனெல்லாம் சிரிக்கான்!"

மசூர் என்னைப் பார்த்தான்.

"காக்கா, நீங்களா சொன்னீங்க?"

"ஓம். அதுல இருந்திச்சு, சொன்னன்" என்றேன்.

அவன் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அதுல இருந்தது நான் எழுதினது" என்றான் சீனிமுகம்மதுவிடம். "என்னில பிழ காக்கா. வாங்க, விடியச் சஹருக்குக் கறியாக்கிறாக்கள் இருப்பாங்க, வீடு வீடாக் கொண்டு போவம்." சட்டைப் பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து என் கையில் வைத்தான். அது பழைய கலண்டர், கட்டம் வெறுமையாக விட்டது. "இந்தப் பெட்டியில இரிக்கிறத அழிச்சிருங்க. இத அனுப்புங்க. கடிதமும் இதுலயே இரிக்கி. அவர் சேத்தாச் சேக்கட்டும், விட்டா விடட்டும்." சைக்கிளில் இரண்டு கூடையைக் கட்டிக்கொண்டு மழைக்குள் அவரோடு போனான்.

நான் தனியே இருந்து லைனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உல்ரிக் மீது கோபம், மேகத்தின் மீது கோபம், எல்லாவற்றையும்விட மசூர் மீது கோபம். இரண்டு மாட்டுக்காக ஒன்றரை வருடத்தைத் தூக்கிக் கடலில் போடுகிறானே மடையன்! வெறுமையான கட்டத்தை அந்த ஜேர்மன்காரர் திரும்பியும் பார்க்கப் போவதில்லை, அது நிச்சயம். அதைவிடப் பெரிய கோபம் ஒன்று அடியில் கிடந்தது. சொன்ன வாய் என் வாய். அந்தப் பழிக்கு அவன் மழையில் அலைகிறான். எப்படியாவது அவனுக்கு ஒரு நல்லது செய்துவிட வேண்டும் என்று எனக்குள் துடித்தது. பதினோராவது முயற்சியில் லைன் பிடித்தது. பெட்டியில் தயாராக இருந்ததை, கணக்குக் கலண்டரை, அப்படியே அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அழித்தேன்.

பெருநாளன்று பின்னேரம் பதில் வந்தது. நாலே வரி. நன்றி மசூர், இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது, சேர்த்துவிட்டேன், அடுத்த பதிப்பில் வரும். மசூர் அதைப் பிரதி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் குதித்தான். புதுச் சட்டையோடு என்னைக் கட்டிப் பிடித்தான்.

"மனுசன் விளங்கிட்டான் காக்கா! வெறுமையா விட்டதையே எடுத்திட்டான்! நான் கணக்கப் போட்டு அனுப்பியிருந்தா எவ்வளவு வெக்கம்?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்து எனக்குத் தைரியம் வரவில்லை. "ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மசூர் கதிரையில் ஒழுங்காக இருக்கத் தொடங்கினான். நான்தான் எழும்பி எழும்பி நடந்தேன். உல்ரிக்கிடமிருந்து கடிதம் வந்தால் அவன் பார்ப்பதற்கு முன் நான் பார்த்தேன். கலண்டர் என்ற சொல் அதில் இருக்கிறதா என்று தேடுவேன், இல்லையென்றால் மூச்சு வரும். அவர்கள் எழுதுவதையெல்லாம் இறக்கிப் பார்க்க எங்கள் லைனுக்கு வக்கில்லை, அதுதான் என்னைக் காப்பாற்றியது. சோறு இறங்கவில்லை. மனைவி என்னை டொக்டரிடம் காட்டச் சொன்னாள். சீனிமுகம்மதுவைக் கண்டால் வீதி மாறினேன். ஒரு மாட்டை அன்றிரவு அவரும் மசூருமாக விற்று முடித்தார்களாம், மற்றதில் பாதியைப் புதைத்தார்களாம். மசூர் அதன் பிறகு சல்மா உம்மாவை அவரிடமே இறைச்சி வாங்கச் சொல்லிவிட்டான்.

மே மாதம் தோஹாவிலிருந்து புதிய சீடி வந்தது. மசூர் அதை வீட்டில் திறக்கவில்லை. முதலில் நான் பார்க்க வேண்டுமென்று என் கடைக்கே கொண்டுவந்தான். அவன் அதை ஏற்றி முடிக்கும்வரை நான் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். திரை வந்தது. மூலையில் கலண்டர் வந்தது. கீழே அவன் பெயர் இருந்தது. "காக்கா, பாருங்க, பாருங்க" என்று விரலால் தொட்டுக் காட்டினான். பிறகு அடுத்த மாதத்தைத் திறந்தான். இருபத்தொன்பதுக்குப் பக்கத்தில் ஒன்று என்று இருந்தது. அடுத்ததைத் திறந்தான். அதுவும் நிரம்பியிருந்தது. ஒரு வருடம், இரண்டு வருடம், பத்து வருடம் தட்டிக்கொண்டு போனான். எங்கும் வெறுமையில்லை.

"இவங்க மாத்திட்டாங்களா?" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். நான் என்ன முகம் வைத்திருந்தேனோ, அவனே விளங்கிக்கொண்டான்.

"நீங்க எத அனுப்பினீங்க?"

"ஒனக்கு நல்லதுக்குத்தான் மசூர். அவன் எடுக்கமாட்டான் எண்டுதான்…"

"நாலு மாசம் காக்கா" என்றான். "நாலு மாசம் அந்தாள் விளங்கிட்டான் எண்டு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சன்."

கத்தவில்லை. அங்கேயே நின்றுகொண்டு உல்ரிக்குக்கு எழுதினான். அந்தக் கலண்டரிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள், அது நான் அனுப்ப நினைத்தது இல்லை, இத்தோடு சரியானதை அனுப்புகிறேன், விருப்பமென்றால் மாற்றுங்கள். என்னைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. கலண்டரைப் பலரும் பாவிக்கிறார்கள், இனி மாற்றுவது கஷ்டம், பெயரை எடுத்துவிடுகிறேன் என்று உல்ரிக் எழுதியிருந்தார். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளியின் பெயர் கட்டாயம் வேண்டுமாம். ஆகவே கடிதம் வருகிற முகவரியில் இருந்த பெயரைப் போட்டுவிட்டாராம். கலண்டருக்குக் கீழே இப்போது றஸாக் என்று இருக்கும்.

மசூர் அதை வாசித்துவிட்டு, "சரிதானே காக்கா, அனுப்பினது நீங்கதானே" என்றான். பிறகு அவன் கடைப்பக்கம் வரவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் திறந்த வேறு கடையிலிருந்து அனுப்புகிறான் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு வரி எழுதத் தெரியாத நான் உலகத்துக்கே கலண்டர் செய்தவனானேன். ஆட்கள் எழுதத் தொடங்கினார்கள். மலேசியாவிலிருந்து ஒருவர் நன்றி சொன்னார். இங்கிலாந்திலிருந்து ஒருவர் எழுத்தைப் பெரிதாக்க முடியுமா என்று கேட்டார். நான் பதில் போடாமல் அழித்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் நோன்பு தொடங்கி மூன்றாம் நாள் தென்னாபிரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். உங்கள் கலண்டரைப் பார்த்து என் தாயார் ஒரு நாள் முந்தியே நோன்பு பிடித்துவிட்டார், எங்கள் பள்ளிவாசலில் மறுநாள்தான் தலைநோன்பு என்றார்கள், அவருக்கு நீரிழிவு, பிடித்த நோன்பு சரியா பிழையா என்று கேட்டு அழுகிறார், நீங்கள் எந்தப் பிறையை வைத்து இந்தத் திகதியைப் போட்டீர்கள் என்று கேட்டிருந்தார்.

அதைப் பிரதி எடுத்துக்கொண்டு மசூரின் வீட்டுக்கு ஓடினேன். ஏழு மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்க்கிறேன். நின்றபடியே வாசித்தான். கால் ஆடிக்கொண்டிருந்தது.

"இதுக்கு என்ன எழுதுற மசூர்? உல்ரிக் கேட்டதாலதான் போட்டதெண்டு எழுதவா?"

"உல்ரிக்கிட பேர் அதுல இல்லயே."

"அப்ப நீ ஒரு பதில் எழுதித் தாவன். ஒனக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

"என்ட பேரும் அதுல இல்ல காக்கா" என்றான். கடிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தான். "ஒங்களத்தான் கேட்டிரிக்காரு. நீங்கதான் சொல்லணும்."

கடைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம். அதில் பூசி மெழுகுகிற அளவுக்கு வசதியில்லை. ஐந்து தடவை எழுதி அழித்தேன். ஒருவர் ஃபோன் எடுக்க வந்து கதவைத் தட்டினார், பிறகு வாருங்கள் என்று சீறினேன். கடைசியில் எழுதியது இவ்வளவுதான். ஐயா, உங்கள் பள்ளிவாசல் சொன்னதே சரி. நான் எந்தப் பிறையையும் பார்த்து அந்தத் திகதியைப் போடவில்லை. கலண்டரை எழுதியவர் மசூர் என்பவர், அவர் அந்த நாளை வெறுமையாகத்தான் விட்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் மற்றதை அனுப்பியவன் நான். உங்கள் தாயாரிடம் என் சலாத்தைச் சொல்லி, என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்.

அதே கடிதத்தை உல்ரிக்குக்கும் போகும்படி போட்டேன். அனுப்பிய பிறகும் கதிரையில் இருக்க முடியவில்லை. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, கடையைப் பூட்டாமல்கூட, மறுபடியும் மசூரின் வீட்டுக்கு நடந்தேன்.